லாபியில் ஆள் இல்லாத நேரம்

2025 ஜூலை தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் சுமார் 9,000 பேரை வேலையை விட்டு அனுப்பியது. அந்த அலையில் பிளாக்பேர்டும் போயிற்று. மைக்ரோசாஃப்டின் ஜெனிமேக்ஸ் ஆன்லைன் ஸ்டூடியோஸ் 2018 முதல் கட்டிவந்த அறிவியல் புனைவு எம்எம்ஓ (பெருங்கூட்டம் ஒன்றாக ஆடும் ஆன்லைன் விளையாட்டு) அது. முறையான அறிவிப்பு வெளியாகும் முன்பே கதை முடிந்துவிட்டது. பிளிஸார்டின் டைட்டன் விளையாட்டும் ஏழு வருடம் இழுபட்டு 2014இல் கைவிடப்பட்டதுதான். தேறிய மிச்சத்திலிருந்து 2016இல் ஓவர்வாட்ச் வந்தது. சோனியின் கான்கார்ட் விற்பனைக்கே வந்தது. 2024 ஆகஸ்ட் 23 வெளியீடு, செப்டம்பர் 6 மூடல், வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது. அடுத்த மாதமே அதைச் செய்த ஸ்டூடியோவையும் மூடினார்கள்.

இதையெல்லாம் வெளிநாட்டுக்காரர்களின் பணத்திமிர் என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்ஜெட்தான் வேறு, நோய் ஒன்றே. எதிர்காலத்தைப் படைக்கிறோம் என்று இறங்கினால் துப்பாக்கி, வண்டி, கதவுக் கைப்பிடிவரை ஒவ்வொன்றையும் புதிதாக மாடல் செய்ய வேண்டும். செலவு ஏறும். ஏறிய செலவுக்கு ஆள் காட்ட வேண்டும் என்பதால் அறிவிப்பு முந்திக்கொள்கிறது. விளையாட்டு பின்னால் மூச்சிரைத்து ஓடிவருகிறது.

நம் நாட்டு உதாரணம் இண்டஸ். புனேயின் சூப்பர்கேமிங் 2022 ஜனவரியில் அதை அறிவித்தபோது எல்லோர் கண்ணிலும் தெரிந்தது ஆட்டம் கண்ட ஒரு நாற்காலி. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடையாகி, அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ 2021இல் வந்திருந்தது. சிந்துவெளியை எதிர்காலத்துக்கு இழுத்துச் சென்ற கற்பனை, விர்லோக் என்ற தீவு, கடைசி ஆளாக நிற்காவிட்டாலும் காஸ்மியம் என்ற பொருளைக் கைப்பற்றினால் வெற்றி என்ற விதி. கடைசியாகச் சொன்னது நல்ல வடிவமைப்பு யோசனை, அதற்காகவே ஒரு கும்பிடு போடலாம். முன்பதிவு ஒரு கோடியைத் தாண்டியது. கடைக்கு வந்தது 2024 அக்டோபர் 16. இடைப்பட்ட காலத்தில் பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் கடையிலிருந்து நீக்கப்பட்டு 2023 மேயில் திரும்பியும் வந்துவிட்டது. ஃப்ரீ ஃபயர் தடைபட்டாலும் அதன் மேக்ஸ் பதிப்பு அசையவில்லை. நாற்காலியில் பழைய ஆளே உட்கார்ந்தாயிற்று.

இண்டஸ் வெளிவந்ததே பெரிய காரியம். அந்த மரியாதையைக் குறைக்க மாட்டேன். ஆனால் அடுத்து அறிவிக்கக் காத்திருப்பவர்கள் அந்த ஒரு கோடியைப் பார்த்து மயங்க வேண்டாம். முன்பதிவுப் பொத்தானை அழுத்தக் காசும் வேண்டாம், போனில் இடமும் வேண்டாம். பார்க்க வேண்டிய எண் வேறு.

ஒரு கணக்குப் போடுவோம். 60 பேர் ஆடும் பேட்டில் ராயல், ஓர் ஆட்டம் 20 நிமிடம். லாபியில் யாரும் 30 வினாடிக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அரை நிமிடத்துக்கு ஓர் ஆட்டம் தொடங்க வேண்டும். ஒரே நேரத்தில் 40 ஆட்டங்கள் ஓடும். 2,400 பேர் உள்ளே இருக்க வேண்டும். சீக்கிரம் செத்தவர்கள் மறுபடி வரிசைக்கு வருவார்கள் என்பதால் கொஞ்சம் குறையலாம். இது ஒரு வரிசைக்கு. சோலோ, ஸ்குவாட் என இரண்டு வகை, திறமைக்கேற்ப மூன்று தட்டு என்று பிரித்தால் ஆறு வரிசை, 14,400 பேர். அதுவும் விடிகாலை 3 மணிக்கும் வேண்டும்! இதே கணக்கை நாலுக்கு நாலு, 8 நிமிட ஆட்டத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வரிசைக்கு 128 பேர், ஆறுக்கும் சேர்த்து 768. எதிர்காலம் நிச்சயமில்லை என்று நாம் புலம்புகிற பாதி விஷயம், வடிவமைப்பு ஆவணத்தின் இரண்டாம் பக்கத்தில் நாமே எழுதிய 60 என்ற எண்ணில் இருக்கிறது.

குறைந்த ஆளை பாட் (ஆள்போல ஆடும் நிரல்) வைத்து நிரப்பலாம். எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் பையன்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

தெரிந்துவிடுகிறது என்பதை நெட்டுக்குப்பத்தில் கண்ணால் பார்த்தேன். எண்ணூர் முகத்துவாரத்தின் தென்கரை, வலை காயும் மணல். நாலு பையன்கள், படகு நிழலில். எதிர்க்கரையில் வடசென்னை அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், அதற்கப்பால் காமராஜர் துறைமுகத்தின் கிரேன்கள், கரி போகும் கன்வேயர், சாம்பல் போகும் குழாய். நம் கான்செப்ட் ஓவியர்கள் பாழ்பட்ட தொழிற்சாலைக் கோள் வரைய எங்கெங்கோ ரெஃபரன்ஸ் தேடுகிறார்கள்; சென்னை மின்ட்டிலிருந்து பஸ் ஏறினால் போதும். (அந்தச் சாம்பல் கொசஸ்தலையாற்றில் கலந்து, கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களின் பிழைப்பைக் கெடுத்ததையும் சேர்த்து வரைவார்களானால் இன்னும் நல்லது.)

பையன்கள் புதிதாக வந்த ஒரு ஷூட்டரை இறக்கியிருந்தார்கள். அதற்காக ஒருவன் போனிலிருந்த கல்யாண வீடியோக்களை அழித்திருக்கிறான். அன்றைய டேட்டா தீர்ந்துபோனதால் ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டில் மற்ற மூன்றும் தொங்கின. வெயிலில் போன் சூடாகி, திரை தானாக மங்கியது, ஃபிரேம் விழுந்தது. கட்டைவிரலுக்குத் துணி உறை போட்டு ஆடிய ஒருவன் மூன்றாவது ஆட்டத்தில் நிறுத்திவிட்டான். “இன்னாண்ணா இது, சுட்டா திரும்பிக்கூட பார்க்க மாட்டேன்றான். எல்லாம் பாட்டு.” சாயங்காலம் அது போனிலிருந்து போய்விடும் என்றான். வீடியோ திரும்பி வராதே என்ற கவலைதான் அவனுக்கு.

அவர்கள் நாலு பேரும் எப்போதும் ஒன்றாகத்தான் ஆடுகிறார்கள். கடலுக்குப் போகிற வீட்டுப் பையன்கள் ஓய்கிற நேரமும் ஐ.டி. ஊழியர் ஓய்கிற நேரமும் ஒன்றல்ல; நாம் அனலிட்டிக்ஸில் பார்க்கும் இரவு 8 மணி உச்சம் இவர்களுக்குப் பொருந்தாது. எதிரே 56 அந்நியர்கள் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. நாலு போனும் நெட் இல்லாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் போதும். மினி மிலிஷியாவை ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் பரப்பியது இந்த வசதிதான். ஜெட்பேக் கட்டிப் பறக்கிற அந்த ஆட்டமும் ஒரு வகையில் அறிவியல் புனைவே. ஹாட்ஸ்பாட்டில் இயங்கும் உள்ளூர் ஆட்டத்தை நம்மில் பலர் பழைய காலத்துச் சமாச்சாரம் என்று வெட்டிவிடுகிறோம். நெட்வொர்க் புரோகிராமருக்கு அது கூடுதல் வேலை, ஏமாற்றுகிறவனைப் பிடிப்பதும் கஷ்டம், கடையில் ஸ்கின் விற்கவும் வழியில்லை. எல்லாம் உண்மை. இருந்தும், லாபி காலியான பிறகும் விளையாட்டு உயிரோடிருக்க அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

சர்வரை அணைத்த பிறகு என்ன மிஞ்சும் என்பது இப்போது சட்டத்தின் வாசலுக்கும் வந்துவிட்டது. யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31இல் தி க்ரூ என்ற விளையாட்டை மூடியதையொட்டி எழுந்த ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கத்தின் ஐரோப்பிய மனு, 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. இந்தியாவில் 2025 ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் முக்கியமாகப் பணம் வைத்து ஆடுவதைத் தடுப்பதில் குறியாக இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய ஸ்கின் மறுநாள் இருக்குமா என்ற கேள்வி அதன் நோக்கத்தில் இல்லை. தமிழ்நாட்டுப் பெற்றோரிடம் ஆன்லைன் விளையாட்டு என்றால் ரம்மி ஞாபகம்தான் வருகிறது. அந்தக் கறையோடு, பாதியில் மூடி ஓடுகிறவர்கள் என்ற பெயரும் சேர்ந்தால் முதலீட்டாளரிடம் போய் நிற்க முடியாது.

எனவே அடுத்த இதழிலிருந்து ‘வரவிருப்பவை’ பகுதியில் ஆன்லைன் விளையாட்டு அறிவிப்பு அனுப்பும் ஸ்டூடியோக்கள் முன்பதிவு எண்ணிக்கையை எழுத வேண்டாம், அச்சிட மாட்டோம். ஒரே நேரத்தில் குறைந்தது எத்தனை பேர் இருந்தால் உங்கள் விளையாட்டு ஓடும், அத்தனை பேர் வராத நாளில் வாங்கியவரின் போனில் எது வேலை செய்யும் என்ற இரண்டையும் எழுதி அனுப்புங்கள். டிரெய்லர் அதற்குப் பிறகு.