நிலம் முடியும் இடத்தில் ஒரு சைக்கிள் பந்தயம்

ஐரோப்பாவின் வடகோடியில் 2013 முதல் ஒரு சைக்கிள் பந்தயம் நடக்கிறது: ஆர்க்டிக் ரேஸ் ஆஃப் நார்வே. தொழில்முறை வீரர்கள் ஆகஸ்டில் நான்கு நாள், நான்கு கட்டங்களாக ஓட்டுகிறார்கள். 2014இல் முதல் கட்டமே நிலம் முடியும் நூர்காப் முனையில்தான் போய் நின்றது. மீன்பிடி ஊர்களும் குளிர்காற்றும் தவிர அதிகம் இல்லாத அந்தச் சீமை, இன்று உலகத் தொலைக்காட்சிகளில் தெரிகிறது.

நிலம் முடியும் முனை குமரி மாவட்டத்தில் நமக்கும் இருக்கிறது. கருங்கல் ஊரில் இருந்து தேங்காய்ப்பட்டணம் கடற்கரை, மாத்தூர் தொட்டிப்பாலம், ரப்பர் தோட்டங்கள் என்று ஏற்றமும் இறக்கமுமாகப் போகும் சாலைகள் பந்தயத்துக்கென்றே போட்டவை போலிருக்கும். காலையில் அரசு கொடுத்த சைக்கிளில், கேரியரில் புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு, சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்து ஏற்றம் ஏறும் பிளஸ் ஒன் பிள்ளைகளைப் பாருங்கள். அந்தக் கால் வலுவுக்கு நாம் காட்டியிருக்கும் வழி பள்ளிக்கூட வாசலோடு முடிந்துவிடுகிறது. பயிற்சியாளர் இல்லை, பந்தயச் சைக்கிள் இல்லை, ஓரத்தில் பயமில்லாமல் ஓட்ட இரண்டடி இடமில்லை.

புனே 2026 ஜனவரியில் பல கட்டச் சர்வதேசப் பந்தயத்தை நடத்திக் காட்டிவிட்டது. குமரி மாவட்டத்துக்கும் அது வேண்டும். முதலில் மாவட்ட அளவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம் சாலையை மூடி, நம் பிள்ளைகளை ஓட்ட விடுங்கள்.