மலையேறும் வலிமை

சென்ற விடுமுறையில் யாம் சிலர் ஜவ்வாது மலையில் ஒற்றையடிப் பாதையொன்றில் ஏறினோம். சிறிது தொலைவு செல்லுமுன்னரே எமக்கு மேல்மூச்சு வாங்கிற்று. அவ்வமயம் தலையில் விறகுக் கட்டுடன் மலையாளிப் பழங்குடிப் பெண்டிர் இருவர் பேசிக்கொண்டே எம்மைக் கடந்து ஏறினர். நண்பரொருவர், "இஃது இவர்கட்குப் பிறவிக் குணம், இவர்கட்குச் சாலையும் வேண்டா, வண்டியும் வேண்டா" என்றார். அக்கூற்று பிழையென்பதே என் துணிபு.

தசை சுருங்குதற்கு நேரே செலவாவது ஏ.டி.பி. என்னும் பொருள். தசையில் அஃது இருப்பது ஓரிரு நொடிக்கே போதும். பாஸ்போகிரியேட்டின் அதனைப் புதுக்கித் தருவதும் ஏறத்தாழப் பத்து நொடியளவே. பின்னர், சாமையோ அரிசியோ நாம் உண்ட சோறு தசையில் கிளைக்கோஜனாய்ச் சேர்ந்திருப்பது உடைபடும். உயிர்வளி வேண்டுமளவு வந்தெய்துமுன் விரைந்து உடைபடுங்கால் லாக்டேட் மிகும். ஏற்றத்தின் தொடக்கத்தில் நாம் தவிப்பது இக்காலத்தே. ஓய்வில் நிமிடத்திற்கு 5 லிட்டர் குருதி செலுத்தும் இதயம், கடும் உழைப்பில் 20 லிட்டரும் செலுத்தும். பிறக்கும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கே வேலையாக, எஞ்சியது வெப்பமாகும், வியர்ப்பது அதனாலே. தசையின் வெப்பத்தையும் லாக்டிக் அமிலத்தையும் ஆராய்ந்த ஹில், மேயர்ஹாப் இருவரும் 1922-ஆம் ஆண்டிற்குரிய நோபெல் பரிசு பெற்றனர். அவ்வமிலமே களைப்புக்குக் காரணமென நெடுநாள் பழிக்கப்பட்டது. இன்றோ, லாக்டேட்டை இதயமும் எரிபொருளாகக் கொள்ளுமென அறிகின்றோம். மறுநாள் தொடைவலியும் அதனாலன்று. இறங்குகையில் நீண்டவாறே உழைத்த தசைநார்களின் நுண்சிதைவால் வருவது. (என் தொடைகள் இரண்டு நாள் விடுதிப் படியிறங்க மறுத்தன.)

நாடோறும் ஏறுவார்க்குத் தசையணுக்களில் மைட்டோகாண்டிரியா பெருகும். குருதி நுண்குழாய்கள் மிகும். இதயம் ஒரு துடிப்பிற் செலுத்தும் அளவும் கூடும். இம்மாறுதல் சில வாரங்களிலேயே தொடங்கும். உழைப்பு நின்றாற் குறையும். ஆகவே அப்பெண்டிரின் வலிமையிற் பெரும்பகுதி விறகும் ஏற்றமும் தந்ததேயன்றிப் பிறவி தந்ததன்று. குருதியில் இரும்பு குன்றினால், உயிர்வளி சுமத்தற்கு வழியின்றி அவர்களும் நம்மைப் போலவே இளைப்பர். காய்ச்சலிலும் பேறுகாலத்திலும் எப்பழக்கம் உதவும்?

2023-ஆம் ஆண்டு மே மாதம், வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு தீண்டிய குழந்தையொன்று இறந்தது. நல்ல சாலையின்மையால், அதன் உடலைத் தாய் கையிலேந்தி நடந்தே ஏறினாள். அவளுக்கும் மலையேறிப் பழகிய கால்களே இருந்தன. இதனை நண்பரிடம் கூறினேன். 'சாலை வேண்டா' என்ற சொல்லை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார்.