கித்தாருக்கு என்ன தீட்டு?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நான்கு இளைஞர் கித்தாரும் முரசும் கொண்டு தாமே இயற்றிய தமிழ்ப் பாடலைப் பாட முனைவாராயின், அவர்களுக்கு மேடை கிடைப்பது அரிது. அரங்கேற்றத்துக்கு மண்டபம் உண்டு, பட்டிமன்றத்துக்கும் உண்டு, தென்னிந்தியத் திரைப்பாடகர் வந்திறங்கினாலோ மைதானமே திறந்துகொள்ளும். நூறு பேர் அமர்ந்து ஒரு புதிய பாட்டை அருகிருந்து கேட்கும் சிற்றரங்கு மட்டும் வேண்டாத பொருளாயிற்று.

இதற்குக் கூறப்படும் நியாயம் பழையது: இவ்விசை மேனாட்டு இரவல், தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒவ்வாதது. இவ்வாறு கூறுவோர் பிடில் இல்லாத கச்சேரிக்குச் செல்வதில்லை. முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடமிருந்து அக்கருவியைக் கற்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளே ஆகின்றன. ஆர்மோனியமும் கப்பலேறி வந்ததே. பிடிலுக்கு இல்லாத தீட்டு கித்தாருக்கு மட்டும் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது?

ஈழத்துக்கு இத்துறையில் ஒரு வரலாறும் உண்டு. நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடலுடன் அறுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கிவைத்த பொப்பிசை, எழுபதுகளில் ஏ. ஈ. மனோகரன் முதலியோரால் நாடெங்கும் பரவியது. போர்த்துக்கேயரோடும் ஆபிரிக்கரோடும் இந்நாட்டுக் கரைக்கு வந்த பைலாவின் தாளம் அதில் தமிழ் பேசிற்று. பாக்குநீரிணையைக் கடந்து தமிழகத்தைப் பாடவைத்த ஈழப் பாடல்கள் மிகச் சில. சிங்களமும் தமிழும் கலந்த 'சுராங்கனி' அவற்றுள் தலையாயது. அதனைப் பாடிய மனோகரன் 2018 சனவரியில் சென்னையில் காலமானார். அவரது இசையை ஆராய்ந்த கட்டுரைகளை விரல்விட்டு எண்ணலாம்.

வியப்புக்குரியது இன்னொன்று. அறுபதுகளின் தொடக்கத்தில் பேச்சுமொழியை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் பழித்தபோது, முற்போக்கு எழுத்தாளர் எதிர்த்து நின்று அதனைக் கதையிலக்கியத்தில் நிலைநாட்டினர். அவ்வெற்றியை இன்றும் கொண்டாடும் விமர்சகருட் பெரும்பாலார், அதே வழக்குப் பாடலில் ஒலித்தபோது செவியைப் பொத்திக்கொண்டனர். கதையில் மண்வாசனை என்று போற்றப்பட்டது பாட்டில் மலினமாயிற்று! பண்டிதரிடமிருந்து பறித்த பிரம்பை இவர்கள் தாமே கையில் எடுத்துக்கொண்டனர் என்பதன்றி இதற்கு வேறு விளக்கம் இல்லை.

பொப்பிசையாளரிடம் குறை இல்லாமல் இல்லை. மாமியும் கள்ளும் கேலியுமாய் அவர்கள் பாடுபொருள் பெரிதும் சுருங்கிக் கிடந்தது. எனினும், விரிவதற்கு அதற்குக் காலம் வாய்க்கவில்லை. 1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபின் பாடியோரும் கேட்டோரும் பலராய்க் கடல் கடந்தனர். பிற இடங்களில் அவ்விரிவு நிகழ்ந்தது. மலேசியாவில் யோகி பி குழுவினர் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தமிழ்ச் சொல்லிசைக்கு வழி திறந்தது. சென்னையில் 2017இல் உருவான 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் ரொக்கையும் இணைத்துச் சாதியை மேடையிலேயே கேள்விக்குட்படுத்தியது. மூன்று தசாப்தப் போரைக் கண்ட நாட்டின் இளைஞருக்குப் பாடுவதற்குப் பொருள் இல்லை என்று எவர் கூறுவர்?

இரைச்சல் என்பது இறுதியான ஆட்சேபம். திருவிழாக் காலத்து ஒலிபெருக்கியைப் பொறுத்துக்கொள்ளும் செவிகள் இதனையும் பொறுக்கும்.

1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையிலேயே மண்டபமும் நூலகமும் கொண்டு விளங்குகிறது. மாதத்தில் ஒரு மாலையை அம்மண்டபத்தில் இதற்கென ஒதுக்கலாம். நிபந்தனை ஒன்றே போதும்: திரைப்பாடல் கூடாது, பாடுவோர் சொந்தச் சொல்லையே பாடவேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் அப்பாடல்களைத் தம் இதழ்களில் அச்சிட்டு, கவிதையை விமர்சிக்கும் அதே கண்டிப்போடு விமர்சிக்கலாம். ஒலிப்பதிவுகள் நூலகத்தில் சேரட்டும். எழுபதுகளின் இசைத்தட்டுகளுள் எஞ்சியவற்றையும், அவற்றை வைத்திருப்போர் மறையுமுன், அங்கேயே கொண்டுவந்து சேர்க்கலாம்.