ராத்திரி ஷிப்ட் முடியாத வீடுகள்

லாரிக் கம்பெனி, ஃபவுண்டரி, அனல்மின் நிலையம், உரத் தொழிற்சாலை என்று ஷிப்ட்டுக்குப் போய்வந்தவர்களின் ஊர், சென்னையின் வடகோடியில் எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கம். அந்தத் தலைமுறைக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்களில் மறதி நோய் வந்தவர்களும் உண்டு. என் அப்பா அதில் ஒருவர்.

அல்சைமர் என்று டாக்டர் சொன்னதும், பெயர்கள் மறக்கும், சாப்பிட்டது மறக்கும் என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டோம். தூக்கம் போய்விடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பேன்ட் மாட்டுவார். கொடியில் கிடக்கும் துணியையெல்லாம் புரட்டிக் காக்கிச் சட்டையைத் தேடுவார். "ஏம்மா, பஸ் போயிடும், டிபன் கட்டிட்டியா?" என்பார். ரிட்டையர் ஆகிவிட்டதைச் சொன்னால் கோபம் வரும். "இன்னிக்கு உங்களுக்கு ஆஃப்பா" என்றால் பெரும்பாலும் கட்டிலில் உட்கார்ந்துவிடுவார். அதற்குள் எங்கள் தூக்கம் போயிருக்கும். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டால், ஒருபுறம் விடியவிடிய கன்டெய்னர் லாரி ஓடும் சாலை, மறுபுறம் ரயில் தண்டவாளம்.

இது பிடிவாதமில்லை, நோயின் வேலை. பகல் எது, இரவு எது என்று உடம்புக்குச் சொல்லும் கடிகாரம் மூளைக்குள் இருக்கிறது. கண்வழியே வரும் வெளிச்சத்தை வைத்து அது நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். அல்சைமர் அந்தக் கடிகாரத்தையும் சிதைக்கிறது. தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பும் குறைகிறது. பொழுது சாயும்போதே பதற்றம் தொடங்குவது இந்த நோயாளிகள் பலரிடமும் உண்டு. கண்புரை இருந்தால் வெளிச்சமும் சரியாக உள்ளே போகாது. இருட்டான அறையில் டிவி முன்னால் நாளெல்லாம் கண்ணயர்ந்து கிடப்பவர் இரவில் எப்படித் தூங்குவார்?

ஆனால் நம் வீடுகளில் முதலில் தேடுவது மாத்திரையைத்தான். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிறார்கள். அவற்றில் பல, மறதி நோயாளியின் குழப்பத்தை அதிகமாக்கும். தூக்க மாத்திரை கொடுத்தால் நடுராத்திரியில் தள்ளாடி விழுந்து இடுப்பு எலும்பு முறியும் ஆபத்து உண்டு. மனநோய்க்கான சில மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களின் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. டாக்டர் அளந்து எழுதித் தருவது வேறு, கடையில் கேட்டு வாங்குவது வேறு.

அப்பாவுக்கு உதவியது சின்னச் சின்ன மாற்றங்கள். அல்சைமருக்காக இரவில் போட்டுவந்த டோனெபெசில் மாத்திரையை டாக்டர் காலைக்கு மாற்றினார். இரவில் போட்டால் சிலருக்குத் தூக்கம் கெடும், கெட்ட கனவு வரும் என்றார். காலை வெயிலில் கடற்கரைப் பக்கம் நடத்திக் கூட்டிப்போகிறோம். மத்தியானத் தூக்கத்தைக் குறைத்தோம். மூட்டுவலியையும் அடிக்கடி சிறுநீர் போவதையும் கவனித்தோம். விழிப்பு நிற்கவில்லை, குறைந்திருக்கிறது.

இதையெல்லாம் செய்ய வீட்டில் ஓர் ஆள் பகலில் சும்மா இருக்க வேண்டும். கூலிக்குப் போகிற வீட்டில் யார் இருப்பார்கள்? இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பார்த்துக்கொள்கிறவர்களின் தூக்கத்தை எந்தக் கணக்கிலும் நான் பார்த்ததில்லை. தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் கிண்டியில் திறக்கப்பட்டது, நல்ல காரியம். எண்ணூர்ப் பக்கமிருந்து அது நகரின் மறுகோடி. ராத்திரி கண்விழித்தவள் மறதி நோயாளியைக் கூட்டிக்கொண்டு மாதாமாதம் அங்கே எப்படிப் போவாள்?

தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறது. வருகிறவர்கள் இன்னும் இரண்டு கேள்வி கேட்கட்டும்: பெரியவர் ராத்திரி தூங்குகிறாரா, அவரைப் பார்த்துக்கொள்கிறவர் தூங்குகிறாரா? அதோடு மறதி நோயாளிகளுக்கு இங்கேயே ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையம் வேண்டும். வெளிச்சமான கூடம், பழகத் தெரிந்த இரண்டு ஊழியர்கள், கூட்டிப்போய்க் கொண்டுவிட ஒரு வண்டி போதும். பகலில் நடமாடிப் பேசிக்கொண்டிருக்கிறவருக்கு இரவில் தூக்கம் வர வாய்ப்பு அதிகம். மாநகராட்சிக் கணக்கில் எங்களுடையது முதல் மண்டலம். இந்த மையத்தையும் இங்கிருந்தே தொடங்குங்கள்.