படைகளின் எண்ணெய்க்கும் ஒரு கணக்கு வேண்டும்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை நம்மில் எந்த வியாபாரியும் மறந்திருக்க மாட்டான். எனது லொறி டீசலுக்காக மூன்று நாட்கள் வரிசையில் நின்றது. லொறியில் இருந்தது பெரிய வெங்காயமும் உருளைக்கிழங்கும். இரண்டாம் நாள் காலையில் சாரதி அழைத்து, "நானா, வெங்காயம் தண்ணி விடுது, என்ன செய்யச் சொல்றீங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்றாம் நாள் பவுசர் வந்தது. முன்னுரிமை வாகனங்களுக்கு முதலில் ஊற்றினார்கள். எங்கள் லொறிக்கு முன்னால் பதினொரு வாகனங்கள் இருக்கும்போது டீசல் முடிந்துவிட்டது.

பக்கத்தில் மண்ணெண்ணெய் கலனோடு தோட்டத்து அம்மா ஒருவர் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். "முதலாளி, மொத்தமா எவ்வளவு வந்திச்சு, யாருக்கு எவ்வளவு போச்சுன்னு யாராவது எழுதி வச்சிருப்பாங்களா?" என்று என்னிடம் கேட்டார். முப்பது வருடமாகக் கடை நடத்தும் எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி அது. அந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் வர்த்தகச் சகோதரர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். படையினருக்கு எண்ணெய் கொடுக்கக் கூடாது என்று நான் எழுதவில்லை. கொஸ்லந்தையில் இருக்கும் எவனும் அப்படி எழுத மாட்டான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தை தோட்டத்து லயங்களை மண் மூடியபோது அங்கு வந்து சேற்றைத் தோண்டியவர்களில் இராணுவத்தினரும் இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலைநாட்டுப் பாதைகளும் ரயில் பாதையும் உடைந்தபோது, அடைபட்ட ஊர்களுக்கு ஹெலிகொப்டரில்தான் உணவு போனது. தோண்டும் இயந்திரம் டீசலில் ஓடுகிறது. ஹெலிகொப்டருக்கும் எண்ணெய் வேண்டும். படையின் எண்ணெய் சில நாட்களில் நமது உயிரைக் காக்கும் எண்ணெய்.

ஆனால் அது வானத்திலிருந்து வருவதில்லை. நமக்கு வருகின்ற அதே கப்பலில், அதே சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்திலிருந்துதான் வருகிறது. பலருக்குத் தெரியாத ஒரு விடயம், விமான எண்ணெயும் லயத்து விளக்கில் எரியும் மண்ணெண்ணெயும் கிட்டத்தட்ட ஒரே இனம் என்பது. மசகு எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது ஒரே பகுதியிலிருந்து இரண்டும் எடுக்கப்படுகின்றன. விமானத்துக்குப் போவதைக் கூடுதலாகச் சுத்தம் செய்து, கடுமையாகச் சோதித்து அனுப்புகிறார்கள். ஆகவே வானத்தில் பறப்பதற்கு எடுத்தது போக மிச்சம்தான் அடுப்புக்கு. 2022 ஓகஸ்டில் 87 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாயானபோது எனது கடன் கொப்பியில் எத்தனை பக்கங்கள் கூடின என்பது எனக்குத் தெரியும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு கடையில் இரண்டு காசுப்பெட்டி இருந்து, ஒரு பெட்டியின் கணக்கு பேரேட்டில் ஏறாவிட்டால் வருட முடிவில் என்ன ஐந்தொகை போட முடியும்? நமது நாட்டின் சக்திக் கொள்கை அப்படித்தான் இருக்கிறது. 2030ஆம் ஆண்டுக்குள் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவது என்று இலக்கு வைத்திருக்கிறோம். மின்சக்தி அமைச்சு ஒரு திட்டம் போடுகிறது, சுற்றாடல் அமைச்சு ஒரு திட்டம் போடுகிறது, பாதுகாப்பு அமைச்சு தனது தேவையைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. மூன்றையும் ஒரே கொப்பியில் எழுதி மக்கள் முன் வைப்பதை நாம் காணவில்லை.

"வரவு செலவுத் திட்டத்தில் இருக்கிறதே" என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். வருடாந்த மதிப்பீட்டு நூலில் இராணுவம், கடற்படை, விமானப்படை ஒவ்வொன்றின் கீழும் எரிபொருள் என்று ஒரு வரி இருக்கும். ஆனால் அது ரூபாய்க் கணக்கு. ரூபாயை வைத்து எண்ணெயை அளக்க முடியாது என்பதை 2022 நமக்குப் படிப்பித்தது. 2021 டிசம்பர் இறுதியில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபாய். ஆறு மாதம் கழித்து 460 ரூபாய். அதாவது அதே காசுக்குக் கால்வாசி டீசல்தான் வரும். களஞ்சியத்தில் எத்தனை மூடை அரிசி இருக்கிறது என்று எழுதாமல் அதன் விலையை மட்டும் எழுதி வைப்பவனை நாம் வியாபாரி என்று சொல்வோமா? லீற்றர் கணக்கு வேண்டும்.

அது பாதுகாப்பு இரகசியம் என்பார்கள். எந்த முகாமில் எந்த நாளில் எவ்வளவு இருக்கிறது என்பது இரகசியமாக இருக்கட்டும். அதை நாம் கேட்கவில்லை. வருடம் முடிந்த பிறகு மொத்தமாக எத்தனை லீற்றர், எத்தனை அலகு மின்சாரம் என்பதில் என்ன இரகசியம்? நம்மைவிடப் பல மடங்கு பெரிய படை வைத்திருக்கும் அமெரிக்கா தனது பாதுகாப்புத் துறையின் சக்திப் பாவனையை வருடாவருடம் வெளியிடுகிறது. பிரித்தானியாவும் வெளியிடுகிறது. நமது அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. 1995 ஒக்டோபரில் புலிகள் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளைத் தாக்கினார்கள். 2007 ஏப்ரலில் விமானத்திலும் வந்தார்கள். லீற்றர் கணக்கு வெளியே தெரிந்ததாலா தாக்கினார்கள்? நாட்டின் எண்ணெயில் பெரும்பகுதியைக் கொழும்பைச் சுற்றியே குவித்து வைத்ததுதான் நமது பலவீனம். எதிரிக்கு வசதியான அந்த ஏற்பாடு மண்சரிவு நாளில் ஊவா மக்களுக்கும் ஆபத்தான ஏற்பாடுதான்.

இதற்கு மாறாக, திருகோணமலையில் என்ன நடந்தது என்று பாருங்கள். வெள்ளைக்காரன் தனது கடற்படைக்காக அங்கு கட்டிய தாங்கிகளில் 99 இன்றும் கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளக்கூடியது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்ட இடம் அது. போர்க் கப்பலுக்காகக் கட்டியதைச் சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டு மக்களுக்காக எப்படிப் பாவிப்பது என்று ஒரு முடிவுக்கு வர நமக்குப் பல தசாப்தங்கள் எடுத்தன. 2003இல் ஒரு பகுதி லங்கா ஐஓசி நிறுவனத்தின் பாவனைக்குப் போனது. 2022 ஜனவரியில்தான் 14 தாங்கி அவர்களுக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டுக் கம்பனிக்கு என்று பிரித்து ஒப்பந்தம் எழுதினார்கள். அதற்குள் பெரும்பாலான தாங்கிகளைச் சுற்றிக் காடு வளர்ந்துவிட்டது. அந்த வருடமே நாம் கலனோடு தெருவில் நின்றோம்.

பாதுகாப்புக் கண் மட்டும் வைத்து எண்ணெயைப் பங்கிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கு உதாரணம். 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது அங்கு எரிபொருள் போவது தடைசெய்யப்பட்டது. சில துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. மீனவனின் படகும் விவசாயியின் நீர்ப்பம்பும் நின்றன. அந்தத் தடையைச் சரி என்றோ பிழை என்றோ வாதிடுவதற்கு இது இடமல்ல. மற்றத் தேவைகளைப் பேச மேசையில் ஆளில்லாதபோது பாரம் சாதாரண மனிதனின் தலையில்தான் இறங்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சுற்றாடல் கணக்கிலும் இதே ஓட்டைதான். 1997இல் கியோட்டோ உடன்படிக்கை எழுதும்போது வெளிநாடுகளில் நடக்கும் கூட்டு இராணுவ நடவடிக்கைகளின் புகையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள். 2015 பரிஸ் உடன்படிக்கையும் படைகளின் புகையைத் தனியாக அறிவிக்கும்படி கட்டாயப்படுத்தவில்லை. மழை பிந்தினாலும் முந்தினாலும் பயந்து நித்திரை கொள்ளாத ஊர் எங்களுடையது. புகை சீருடை போட்டிருக்கிறதா என்று பார்த்து மலை சரிவதில்லை.

என்ன செய்யலாம்? எனது சிற்றறிவுக்கு எட்டியது மூன்று. ஒன்று, முப்படைகளின் வருடாந்த எரிபொருள், மின்சாரப் பாவனையை லீற்றரிலும் அலகிலும் பாராளுமன்றத்தில் வைக்க வேண்டும். இரண்டு, சூரிய மின்கலம் போடும்படி சில்லறைக் கடைக்காரனுக்குச் சொல்லும் அரசாங்கம், முகாம்களின் அகன்ற கூரைகளுக்கும் எழுத்தில் ஓர் இலக்குக் கொடுக்க வேண்டும். இராணுவத்தின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணியை 2030ஆம் ஆண்டளவில் ஒரு இலட்சமாகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். ஆள் குறையும்போது எண்ணெய் எவ்வளவு குறைகிறது என்பதும் அந்த இலக்கோடு சேர்ந்து வர வேண்டும். மூன்று, மலைநாட்டில் அனர்த்தத்துக்கென்று ஒரு எரிபொருள் இருப்பு வேண்டும். ரயில் பாதையும் தெருவும் அறுந்தாலும் படையினரின் இயந்திரமும் ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டரும் பத்து நாள் ஓடப் போதுமானது. சாதாரண நாளில் யாரும் தொடக் கூடாது, எடுத்தால் எழுதி எடுக்க வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னார்கள். 2022இல் என்னுடைய லொறிக்கு வாரத்துக்கு 50 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று கியூஆர் அட்டையில் அளந்தார்கள். நாமும் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டோம். வரிசை குறைந்ததும் அதனால்தான். நம்மை அளந்த கோப்பையால் மற்றவர்களையும் அளக்கச் சொல்வது குற்றமில்லை.

வர்த்தக சங்கக் கூட்டங்களுக்கு மக்கள் பிரதிநிதிகளை அழைத்து மாலை போடுகிறோம், பாதை கேட்கிறோம், தெருவிளக்கு கேட்கிறோம். அடுத்த முறை அந்தத் தோட்டத்து அம்மாவின் கேள்வியையும் கேட்போம்: மொத்தம் எவ்வளவு வந்தது, யாருக்கு எவ்வளவு போனது? எனது லொறியிலிருந்த வெங்காயத்தில் பாதியைக் குழி தோண்டிப் புதைத்தேன். அந்த நட்டத்தை எனது கொப்பியில் எழுதிவிட்டேன். அரசாங்கமும் தனது கொப்பியைத் திறக்கட்டும்.