இலையைத் திருப்பிப் பாருங்கள்

ரோடோடென்ட்ரான் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது நீலகிரிச் சோலைகளின் ஓரத்தில் சிவப்பாகப் பூத்து நிற்கும் காட்டுப் பூவரசுதான். அதன் பூவை முகர்ந்து பார்த்தவர்கள் ஏமாந்திருப்பார்கள், அதில் மணமில்லை. பறவைகளை நம்பிப் பூக்கும் சிவப்புப் பூவுக்கு நிறமே போதும். ஆனால் இதை வைத்து ரோடோடென்ட்ரான் பேரினத்துக்கே மணம் கிடையாது என்று முடிவுகட்டுவது தவறு. கிழக்கு இமயமலையில் வெள்ளையாகப் பூக்கும் சில புதர்கள் பூக்கும் நாட்களில், செடி கண்ணில் படும் முன்பே வாசனை வந்துவிடும். அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது எட்ஜ்வொர்த்தி.

டார்ஜிலிங், சிக்கிம் மலைகளில் 1848 முதல் தாவரம் தேடி அலைந்த ஜோசப் டால்டன் ஹூக்கர் இதை உலகுக்கு விவரித்தார். வங்காள சிவில் சர்வீஸில் வேலை பார்த்துக்கொண்டே தாவரங்களை ஆராய்ந்த எட்ஜ்வொர்த்தின் பெயரை இதற்குச் சூட்டினார். காட்டில் இது பெரும்பாலும் மண்ணில் நிற்பதில்லை. பாசி படர்ந்த மரக்கிளையிலோ பாறைச் சரிவிலோ தொற்றிக்கொண்டு வளரும்.

அடையாளம் காணப் பூவுக்காகக் காத்திருக்க வேண்டாம். என்றும் பசுமையான அந்த இலையின் மேற்பரப்பைத் தடவினால் சுருக்கம் சுருக்கமாக, மேடும் பள்ளமுமாக இருக்கும். திருப்பினால் அடியில் பழுப்புக் கம்பளி போல அடர்ந்த ரோமம். இளந்தண்டிலும் அதே ரோமம்தான். இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் இதுதான். இதையும் ஃபார்மோசம் என்ற வகையையும் கலந்து உருவாக்கிய ஃப்ராக்ரன்டிசிமம் என்ற கலப்பினமும் மணப்பதுதான்; ஆனால் அதன் இலையடியில் இந்தக் கம்பளி இருக்காது. மேடனி என்ற வகையில் இலை வழவழப்பாக இருக்கும். அதன் பூவில் மகரந்தத் தாள்கள் 15-க்கும் மேல்; எட்ஜ்வொர்த்தியில் 10.

வளர்ப்பில் தோற்பவர்கள் பெரும்பாலும் வேரில்தான் தோற்கிறார்கள். மரக்கிளையில் வாழப் பழகிய செடிக்குக் களிமண் சமாதி மாதிரி. வேர்கள் முடியைப் போல மெலிந்தவை, மேலோட்டமாகப் பரவுபவை. அவற்றுக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மரப்பட்டைத் துண்டும் இலைமக்கும் கலந்த உதிரியான கலவையில், வேர்ப்பந்தின் மேற்பகுதி மண்மட்டத்துக்குச் சற்று உயர்ந்திருக்கும்படி நடுங்கள். செடியைச் சுற்றிக் கொத்திவிடாதீர்கள். இலைச்சருகால் மூடினால் போதும்.

மண் அமிலத்தன்மையோடு இருக்க வேண்டும். கார அமிலக் குறியீடு 4.5 முதல் 6 வரை இருந்தால் நல்லது. சுண்ணாம்பு இதற்கு ஆகாது. நரம்பு பச்சையாக இருக்க, இடையிலுள்ள பகுதி மட்டும் மஞ்சளானால், மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியவில்லை என்று பொருள். உடனே உரத்தை அள்ளிப் போடுவது பயன் தராது. உப்புநீர் ஊற்றுவதை நிறுத்தி மழைநீர் கொடுங்கள்.

குளிர்ந்த, மேகம் தவழும் மலைத்தோட்டம்தான் இதற்கு ஏற்ற இடம். சமவெளி வெயிலில் முயன்று பணத்தை வீணாக்க வேண்டாம். கடும் உறைபனியும் இதற்கு ஆகாது. ரோடோடென்ட்ரான் இலைகள் ஆடுமாடுகளுக்கு நஞ்சு என்பதால் மேய்ச்சலுக்கு எட்டாத இடமாகவும் இருக்கட்டும்.

காட்டு மரத்தில் தொற்றி நிற்கும் செடியைப் பிய்த்துக் கொண்டுவந்து விற்பவர்களிடம் மட்டும் வாங்காதீர்கள். தண்டுத்துண்டிலிருந்தே இதற்கு வேர் பிடிக்கவைக்க முடியும். அப்படி வளர்த்த நாற்றையே நர்சரியில் கேட்டு வாங்குங்கள்.