வர்ஜீனியாவில் ஒரு ‘தகுதி’ வழக்கு

அமெரிக்கத் தலைநகரை ஒட்டிய வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியில் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. சுருக்கமாக டி.ஜே. அரசுப் பள்ளிதான், கட்டணம் கிடையாது. நாட்டின் முதல் வரிசைப் பள்ளிகளில் ஒன்று. (தன் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவரின் பெயரில் இயங்குகிறது என்பது தனிக்கதை.) 2020இல் அங்கே இடம் கிடைத்தவர்கள் 486 பேர். அதில் கறுப்பினப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணைக்கூட வெளியிடவில்லை, அவ்வளவு குறைவு. ஏழை வீட்டுப் பிள்ளைகள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

காரணம் நமக்குப் பழக்கமானதுதான்: நுழைவுத் தேர்வு. விண்ணப்பிக்கவே 100 டாலர். அதற்கு முன்பு சனி, ஞாயிறுகளில் கோச்சிங். பணமும், கொண்டுபோய்விட ஒரு காரும், அந்தக் காரை ஓட்ட நேரமுள்ள ஒரு பெற்றோரும் வேண்டும். இவ்வளவும் சேர்ந்து வாங்கிய மதிப்பெண்ணுக்குத்தான் ‘தகுதி’ என்று பெயர்.

ஜார்ஜ் ஃபிளாய்டு கொலைக்குப் பின் எழுந்த போராட்டங்களின் சூட்டில், அந்த ஆண்டே பள்ளி வாரியம் தேர்வையும் கட்டணத்தையும் நீக்கியது. ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீத இடங்களை அந்தந்தப் பள்ளிக்கே ஒதுக்கியது. மீதி இடங்கள் பொதுவில். மதிப்பெண் சராசரி, கட்டுரைகள், குடும்பத்தின் வறுமை எல்லாம் கணக்கில் வரும். விண்ணப்பத்தை மதிப்பிடுபவருக்குப் பிள்ளையின் பெயரோ இனமோ தெரியாது.

இது இனவாரி ஒதுக்கீடு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் கேட்கும் இடஒதுக்கீட்டைவிட மிகவும் சாதுவான ஏற்பாடு. ஏறக்குறைய தமிழ்நாட்டில் 2020இல் மருத்துவப் படிப்புக்கு வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டைப் போன்றது: நீ எந்த அரசுப் பள்ளியில் படித்தாய் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது.

முதல் ஆண்டிலேயே ஏழைப் பிள்ளைகளின் பங்கு 25 சதவீதமானது. கறுப்பின மாணவர்கள் 1இலிருந்து 7 சதவீதம். ஆசியர்கள் 73இலிருந்து 54. கவுன்டிப் பள்ளிகளில் ஆசியப் பிள்ளைகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். 54 சதவீதம் ‘ஒடுக்கப்படுவது’ எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நான் இந்தப் பகுதியில் வேலை பார்ப்பவன். அப்போது ஒரு பொங்கல் விழாவில், தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவர் சொன்னார்: “ஊர்லதான் கோட்டான்னு விரட்டினாங்க. இங்கயும் வந்துட்டானுங்க பாருங்க.” அவரை யார் விரட்டினார்கள்? அரசுப் பணத்தில் நடக்கும் கல்லூரியில் படித்துவிட்டு விமானம் ஏறியவர். நான் கேட்கவில்லை, சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு நாடுகள் இருந்தன. ஊரில் தலித், பிற்படுத்தப்பட்ட பிள்ளைகளைப் பார்த்து வந்த எரிச்சல், இங்கே கறுப்பின, லத்தீன் பிள்ளைகளின் மேல் அப்படியே இறங்குகிறது. சாதிச் சான்றிதழைத்தான் ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

ஆசிய அமெரிக்கப் பெற்றோர் பலர் இருந்த ஒரு கூட்டமைப்பு 2021இல் வழக்குப் போட்டது. அவர்கள் கையில் எடுத்தது அரசமைப்பின் பதினான்காவது திருத்தம், சமப் பாதுகாப்பு. 1868இல், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்காக வந்த திருத்தம் அது. அந்தப் பேத்திகளும் பேரன்களும் பள்ளிக்குள் வருவதை எதிர்த்து அதையே நீட்டினார்கள்.

இந்த வித்தையை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். செண்பகம் துரைராஜன் வழக்கு. மருத்துவக் கல்லூரியில் தன் சாதியால் இடம் மறுக்கப்படும் என்றார். அவர் அங்கே விண்ணப்பிக்கவே இல்லை என்பது பிறகு தெரியவந்தது. ஆனாலும் சமத்துவத்தின் பெயரால் 1951இல் உச்ச நீதிமன்றம் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையைச் செல்லாததாக்கியது. பெரியாரும் மக்களும் தெருவில் இறங்கிய பிறகுதான் முதல் திருத்தமும் 15(4)உம் வந்தன.

டி.ஜே. வழக்கு வேறு விதமாக முடிந்தது. 2022இல் கீழ் நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2–1 என்று அதைப் புரட்டியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பில் ஓர் எண் வருகிறது: 2020இல் இடம் பெற்ற ஏழை ஆசியப் பிள்ளை ஒரே ஒருவர், அடுத்த ஆண்டு 51 பேர். ஆசியர்களுக்காக வழக்காடியவர்கள் எந்த ஆசியர்களுக்காக வழக்காடினார்கள் என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

ஆனால் ‘ஆசியர் என்றால் பார்ப்பனர்’ என்று சமன்பாடு போட்டுவிட வேண்டாம், அது சோம்பேறித்தனம். நியூயார்க்கின் ஸ்டைவசன்ட் பள்ளியில் 2019இல் 895 இடங்களில் கறுப்பினப் பிள்ளைகள் 7 பேர். அதே தேர்வைக் கடையிலும் உணவகத்திலும் உழைத்து எழுதவைக்கும் ஏழை சீனக் குடும்பங்களும் அங்கே இருக்கின்றன. அவர்களின் பயம் பொய்யல்ல. அந்தப் பயத்தை வசதியான வீட்டார் தங்கள் கேடயமாக்கிக்கொள்வதுதான் பிரச்சினை.

டி.ஜே.யிலும் கதவு முழுதாகத் திறந்துவிடவில்லை. எட்டாம் வகுப்புக்குள் அல்ஜீப்ரா வகுப்பில் இருக்கும் பிள்ளைதான் விண்ணப்பிக்கவே முடியும். அந்த வகுப்புக்கு யார் போவது என்பது ஆறாம், ஏழாம் வகுப்புகளிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த முடிவை எடுக்கும் அறைக்குள் எந்த நீதிமன்றமும் இதுவரை எட்டிப் பார்க்கவில்லை.